முன்பு வீடு

எங்கள் தெருக்கோடியில் ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றின் வாசலில் ‘முன்பு’ என்று பச்சைப் பலகை, இன்னொன்றின் வாசலில் ‘பின்பு’ என்று பச்சைப் பலகை. ‘பின்பு’ என்னுடைய வீடு. ‘முன்பு’ என் ஓரகத்தியுடையது, அதாவது என் கொழுந்தனைக் கட்டியவள். ஊருக்கு அவள் சின்னவள், நான் பெரியவள். அவளுக்கு நான் அக்கா.

பலகைகளை அடித்தது அறக்கட்டளை. எங்கள் ஊரைத் தத்து எடுத்திருப்பதாக ஒருநாள் ஜீப்பில் வந்து சொன்னார்கள். “தத்து எடுக்க ஊர் என்ன அநாதையா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்குக் கூட்டமே சிரித்தது. அவர்கள் பட்டியலைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர், கழிப்பறை, ஒழுகாத கூரை, புகை வராத அடுப்பு, கொல்லையில் காய்கறித் தோட்டம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இந்த ஐந்தும் இலவசம். பிள்ளை பெறாதவர்களும் பெற்று வளர்த்து முடித்தவர்களும் அன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதற்கெல்லாம் பொறுப்பாக வந்த கள அலுவலருக்கு வாயைத் திறந்தால் ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல் வராமல் இருக்காது. அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் ஒருங்கிணைந்த சார். அவர் டீ குடித்தால், பாலும் சர்க்கரையும் ஒருங்கிணைந்துவிட்டதா சார் என்று கடைக்காரர் கேட்பார். அவரும் கோபப்படாமல் தலையாட்டுவார். நல்ல மனிதர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

ஐந்தும் சேர்ந்து வந்தால்தான் வளர்ச்சி, ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தால் அது பிச்சை என்பது அவருடைய கொள்கை. ஒரு கிழவர் எனக்குக் கூரை மட்டும் போதும் என்று கெஞ்சினார். வீட்டில் குழந்தை இல்லை. “கூரை மட்டும்னா அது ஒருங்கிணைந்த வளர்ச்சி ஆகாதுங்க ஐயா” என்று சார் அவருக்குப் புரிகிற மாதிரி அரைமணி நேரம் விளக்கினார். கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த வீடு ஒழுகுகிறது.

நான் மகளிர் குழுத் தலைவி. அதனால் சார் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பேனாவைத் திருகிவிட்டுச் சொன்னார்.

“நாங்க செஞ்சதாலதான் ஊர் நல்லா ஆச்சுன்னு பணம் குடுக்கறவங்களுக்கு எப்படிங்க காட்டறது? அதுக்கு ஒரு வீடு அப்படியே இருக்கணும். ஒரு வருஷம். அப்புறம் அவங்களுக்கும் அஞ்சும் குடுத்துடுவோம்.”

அதற்கு அவருக்கு ஒரு ஜோடி வேண்டும். எல்லா வகையிலும் ஒத்துப்போகிற இரண்டு வீடு. எங்கள் இரண்டு வீட்டையும் டேப் வைத்து அளந்தவர் கிட்டத்தட்டக் குதித்தார். அண்ணனும் தம்பியும் ஒரே கொத்தனாரை வைத்து ஒரே மாதத்தில் கட்டிய வீடுகள். அதே நீளம், அதே அகலம், அதே இடத்தில் சமையலறை. எனக்கு ஒரு மகள், சின்னவளுக்கு ஒரு மகள். இரண்டுக்கும் ஏழு வயது. சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி அமையாது என்றார்.

“ரெண்டுல எது ‘பின்பு’ன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க. ஊர்க்காரங்க முடிவுல நாங்க தலையிட மாட்டோம்.”

சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாம். எனக்கும் அது தோன்றியது. போட்டு, அவளுக்கு விழுந்துவிட்டால் என்ன செய்வது? சின்னவள் என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம் படித்தவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஒரே ஒரு வருஷமாவது அவள் ‘முன்பு’, நான் ‘பின்பு’ என்று பலகையில் எழுதி எல்லோரும் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை மறைத்துப் பேசி இனி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மத்தியானமே அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கொழுந்தனார் லாரிய எடுத்துட்டுப் போனா ரெண்டு மாசம் மூணு மாசம் ஆகுது. வேலை நடக்கறப்ப வீட்டுல ஆம்பளை இல்லாம நீ அல்லாடுவே. இந்த வருஷம் எனக்கு முடியட்டும், அடுத்த வருஷம் உனக்கு. கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்.”

“அதில்லக்கா. இவளுக்கு நெஞ்சு சரியில்ல. புகை பக்கமே விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் யோசிக்கிறேன்.”

இவள் என்றது அவள் மகளை. ஒல்லி. எங்கள் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். மழைக்காலம் வந்தால் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கேட்கும்.

“அதுக்கு நான் இல்லையா? என் அடுப்புல வந்து சமைச்சுக்கோ. நடுவுல ஒரு சுவருதானே” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை ஓரமாக வைத்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த சம்மதத் தாளில் அந்த அச்சுக் கையெழுத்தைப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் என் வீடு ஆளே மாறிப்போயிற்று. குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி என் மகள் விளையாடினாள். இரண்டு சமையலறையிலும் புகையை அளக்க வீட்டுக்கொரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும். அடுப்பு எரிகிற நேரம், புகையின் அளவு எல்லாம் அதற்குத் தெரிந்துவிடுமாம்.

சின்னவள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினோரு நாள் என் அடுப்பில் சமைத்தாள். நான் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். குண்டூசியும் என் மகளும் முன்னறையில் பாடப் புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒருங்கிணைந்த சார் பெட்டியைத் திறந்து, தன் கணினியோடு இணைத்துப் பார்த்துவிட்டு மண்டையைச் சொறிந்தார்.

“என்னங்க இது? பின்பு வீட்டுல அடுப்பு ரெண்டு மடங்கு நேரம் எரியுது. முன்பு வீட்டுல அடுப்பே எரியல. அவங்க சாப்பிடறாங்களா இல்லையா?”

சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கோபமில்லை, வருத்தம்தான். பரீட்சையில் தேறாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“சமையல் மட்டும் அவங்கவங்க வீட்டுல நடக்கட்டுங்க. இல்லேன்னா இந்தக் கணக்கை வச்சு நான் என்ன காட்டறது? நீங்க புரிஞ்சவங்க. அடுத்து எட்டு ஊருக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் போடப்போறோம். உங்க பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். போட்டோ ஒட்டின அட்டை தருவோம், கழுத்துல மாட்டிக்கலாம்.”

கழுத்தில் மாட்டுகிற அட்டை. என்னைப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எட்டு ஊர்ப் பெண்களுக்குச் சொல்வார்கள். அன்று சாயங்காலம் சின்னவள் பானையோடு வந்தபோது நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவள் பானையோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் வெளியே மூன்று கல்லை வைத்துப் பற்ற வைத்தாள். காற்று புகையைத் தெருப்பக்கம் அடித்துக்கொண்டு போனது, குழந்தை உள்ளே நன்றாகவே இருந்தாள். அதை நான் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பெட்டி உள்ளே இருக்கிறதே? வெளியே எரித்தால் அதற்கு எப்படித் தெரியும்? சார் சொல்வதற்கு முன் நானே சின்னவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“உள்ள சமை.”

“மழை இல்லாதப்ப வெளியில பொங்கிக்கிறேனே அக்கா. யாருக்கு என்ன நஷ்டம்?”

“அடுத்த வருஷம் உனக்கு அஞ்சும் வேணுமா, வேண்டாமா?”

இந்த ஒரு கேள்வி போதும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். எதற்குக் கேட்டாலும் அவள் அடங்கிவிடுவாள். கூரையில் ஒரு தகரத்தைச் செருகப் பார்த்தபோது கேட்டேன். ஜன்னலைப் பெரிதாக்க ஆள் கூப்பிட்டபோது கேட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வீட்டைக் காவல் காத்தேன், அது கொஞ்சமும் முன்னேறிவிடாமல்.

“பாவம்டி, விடேன்” என்றார் என் வீட்டுக்காரர். “உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்றேன்.

சமைக்கிற நேரம் சின்னவள் குண்டூசியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. “பெரியம்மா, எங்க வீட்டுக்கு எப்போ பின்பு பலகை மாட்டுவாங்க?” என்று கேட்பாள் குழந்தை. எட்டு மாசம், ஏழு மாசம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஐந்து மாசம் இருந்தபோது விருந்தாளிகள் வந்தார்கள்.

பணம் கொடுக்கிறவர்களே நேரில் வருகிறார்கள், எட்டுப் பேர், என்று சார் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. நான் பட்ட பாட்டை அவர்கூடப் பட்டிருக்கமாட்டார். முதலில் பின்பு வீடு, பிறகு முன்பு வீடு, பிறகு என் வீட்டில் சாப்பாடு. அவர்கள் உள்ளே வரும்போது சின்னவள் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். மூன்று நாளாக மழை. விறகெல்லாம் ஊறிக் கிடந்தது.

காலையிலேயே சின்னவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். என் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன்.

“ராத்திரியெல்லாம் இழுக்குதுக்கா. இன்னிக்கு ஒரு நாள் இங்க படுக்க வச்சுக்கங்க. அவங்க போனதும் தூக்கிட்டுப் போயிடறேன்.”

குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

“அவங்க வந்து, ரெண்டு குழந்தையும் எங்கன்னு கேட்டா? முன்பு வீட்டுக் குழந்தை பின்பு வீட்டுக் கட்டில்ல படுத்திருக்குன்னா சார் மானம் என்ன ஆகும்? ரெண்டு மணி நேரம். மூலையில படுக்க வை. போனதும் நானே தூக்கிட்டு வரேன்.”

“அக்கா...”

“அடுத்த வருஷம் வேணுமா, வேண்டாமா?”

போய்விட்டாள்.

விருந்தாளிகள் என் குழாயைத் திறந்து கை கழுவினார்கள். என் அடுப்பைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார்கள். என் மகள் ஐந்து திட்டங்களையும் ஒப்பித்தாள், கை தட்டினார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். ஈர விறகு அடைமழைக்கு வந்த மேகம் மாதிரி புகைந்தது. இரண்டு நிமிஷத்தில் எட்டுப் பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். “ஐயோ, தினமும் இப்படியா?” என்று ஒரு அம்மாள் கேட்டார். “தினமும்” என்றேன், ஏதோ நான் சாதித்ததைப் போல. தாயும் பிள்ளையும் அடுப்புப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார் இன்னொருவர். முதல் படத்தில் புகைதான் விழுந்தது, முகம் விழவில்லை. இன்னொரு தடவை எடுத்தார். அதற்குள் அடுப்பு அணைந்துவிட, மறுபடியும் ஊதச் சொன்னார்கள். சின்னவள் ஊதினாள். அவள் மடியில் குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

அவர்கள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜீப் தெருவில் நின்றது. அவள் ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையில் பரிமாறுகிற கரண்டி இருந்தது. இதோ ஐந்து நிமிஷம், அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவட்டும் என்று கண்ணாலேயே சொன்னேன். அவள் நிற்கவில்லை. மழையில் பஸ் ரோட்டுப் பக்கம் ஓடினாள். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்காமல் போனாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டிருந்தது. குண்டூசி பஸ்ஸிலேயே இறந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது.

கொழுந்தன் வந்து, ஒன்பது நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடியும் லாரிக்குப் போனான்.

ஒருங்கிணைந்த சார் துக்கம் கேட்க வந்தார். உண்மையிலேயே கண் கலங்கினார். பிறகு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

“அன்னிக்குக் குழந்தைய உங்க வீட்டுலயே படுக்க வச்சிருக்கலாமேங்க? சமையலைத்தானே மாத்த வேண்டாம்னோம். குழந்தை எங்க இருக்கணும்னு நாங்க எதுவும் சொல்லலையே. அப்படி ஒரு விதியே கிடையாதே.”

நான் ஒரு விதியை நானே உண்டாக்கி, அதை நானே காவல் காத்திருக்கிறேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விருந்தாளிகள் மனசு உருகிப்போய் இன்னும் பன்னிரண்டு ஊரைத் தத்து எடுக்கச் சம்மதித்திருப்பதாகச் சொன்னார். புது அட்டையை என்னிடம் கொடுத்தார். போட்டோவில் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

“ஒரு சங்கடமான விஷயம். அதை நீங்கதான் அவங்ககிட்டப் பக்குவமா சொல்லணும். இப்ப அந்த வீட்டுல பத்து வயசுக்குக் கீழ குழந்தை இல்லையே. ஜோடி ஒத்துப்போகல. அதனால ரெண்டு பெட்டியையும் கழட்டறோம். அடுத்த வருஷம் குடுக்கறதும்...” என்று இழுத்தார். “பிள்ளை இருக்கற வீட்டுக்குத்தானே திட்டம்.”

ஒருங்கிணைப்பாளராக நான் செய்த முதல் வேலை அதுதான். கழுத்தில் அட்டையோடு போகக் கூடாது என்ற புத்திகூட எனக்கு இல்லை. சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சார் சொன்னதை அப்படியே சொன்னேன். கத்துவாள், என் மயிரைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“சரிக்கா” என்றாள். பிறகு, “ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டாங்களா?” என்றாள்.

“எடுத்துட்டாங்க.”

“அப்ப நான் உங்க அடுப்புல சமைச்சா இப்ப யாருக்கும் கணக்கு தப்பாது.”

மறுநாள் சாயங்காலம் பானையோடு வந்தாள். வாசலில் நின்றேன். ஆனால் எதைச் சொல்லித் தடுப்பது? நகர்ந்துகொண்டேன். அடுப்பைப் பற்ற வைத்தாள், சோறு பொங்கினாள், கீரை கடைந்தாள். இரண்டு பேருக்குப் போதுமான அளவு. என் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தட்டில் போட்டாள். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பானையைக் கழுவிக்கொண்டு போனாள். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும்.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் என் பிள்ளைக்கு ஏன் சோறு போடுகிறாள்? நான்காம் நாள் அவள் தட்டை வைத்ததும் நான் குறுக்கே வந்து, உப்பு பார்க்கிற சாக்கில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றேன். என் மகள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்தாம் நாளும் அப்படியே செய்தேன். ஆறாம் நாள் நான் தட்டுக்குக் கையை நீட்டியபோது சின்னவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தவில்லை, சும்மா பிடித்திருந்தாள்.

“பயப்படாதீங்கக்கா. பக்கத்து வீட்டுக் குழந்தை சாகறதப் பார்த்துட்டு நிக்க என்னால முடியாது. நான் நீங்க இல்ல.”

கையை விட்டாள். என் மகள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எதற்கென்று தெரியாமல் அழ ஆரம்பித்தாள்.

மறுநாளும் சின்னவள் வந்து சமைத்தாள். நான் முதலில் ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்துவிட்டுத்தான் தட்டை மகளிடம் தள்ளினேன்.